பழைய டீலக்ஸ் ரிவெர்ப் கரகரக்கிறது: எந்த ஸ்பீக்கர் போடலாம்?

சத்துவாச்சாரி_ஸ்ட்ரிங்ஸ்
திங்கள், இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். என் தாய்மாமா வைத்திருந்த ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் கிடார் ஆம்ப் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. எண்பதுகளில் இங்கே மருத்துவமனையில் வேலை பார்த்த ஒரு வெளிநாட்டுத் தம்பதி, ஊருக்குத் திரும்பும்போது கட்டில், பீரோவோடு இதையும் விற்றுவிட்டுப் போனார்களாம். வெள்ளி முகப்பு, நீல எழுத்து, ஒரே ஒரு 12 இஞ்ச் ஸ்பீக்கர். 120 வோல்ட் என்பதால் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்துத்தான் ஓட்டுகிறேன். கைப்பிடி அறுந்துபோய், ஆம்பூரில் தோல் பெல்ட் ஒன்று தைத்துப் போட்டிருக்கிறேன். அதுதான் இப்போதைக்கு ஆம்ப்பிலேயே உறுதியான பாகம்.

விஷயம் இதுதான். வால்யூம் 3 வரை தேன் மாதிரி இருக்கிறது. 4 தாண்டினால் கீழ் இரண்டு கம்பிகளிலும் ஒரு கரகரப்பு. ஓவர்டிரைவ் (சத்தம் ஏற்றினால் ஆம்ப் தரும் இனிய கரகரப்பு) இல்லை, காகிதத்தை நகத்தால் சுரண்டுவது போல. போன ஞாயிறு சர்ச்சில் வாசித்தபோது பாஸ்டர் மேலே ஷீட்டைப் பார்த்து, "மழை வருதா தம்பி?" என்றார்.

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று எங்கள் வேலூரைச் சொல்வார்கள். ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்பும் அந்த வரிசையில் சேர்ந்துவிடும் போல. புதிதாக எது வாங்கலாம்?

காட்பாடி_ஜங்ஷன்
திங்கள், இரவு 9:20

செலஸ்டியன் விண்டேஜ் 30 (வி30) ஸ்பீக்கர் போடுங்க ப்ரோ. முடிஞ்சது கதை.

குடியாத்தம்_கீபோர்ட்
திங்கள், இரவு 9:41

சாமி 1981லேயே கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். பழமொழியைக் கொஞ்சம் புதுப்பித்துக்கொள்ளுங்கள் :)

அப்புறம், கரகரப்பு என்றால் ஸ்பீக்கர்தான் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? எனக்கு ஒருமுறை பின்பலகையின் திருகு தளர்ந்து இதே சத்தம் வந்தது. அடியில் பையில் படுத்திருக்கும் ரிவெர்ப் டேங்க்கும் (எதிரொலி தரும் ஸ்பிரிங் பெட்டி) அதிரும். ஒருவரை வாசிக்க விட்டு, ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பாருங்கள். கை வைத்த இடத்தில் சத்தம் நின்றால் திருடன் அங்கேதான்.

பழைய_வால்வு
செவ்வாய், காலை 6:05

தம்பி, கடைக்குப் போகிற முன் நாடி பிடித்துப் பார்ப்போம். நான் ராணிப்பேட்டையில் நாற்பது வருடம் ரேடியோ ரிப்பேர் செய்தவன். வாங்கி மாட்டிய பிறகு பழைய ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருந்தது என்று தெரிந்துகொண்டவர்கள் நிறையப் பேர்.

முதலில் ஆம்ப்பை அணைத்து, ஸ்பீக்கர் பிளக்கைக் கழற்றி, மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 6, 6.5 என்றுதான் காட்டும். மீட்டர் காட்டுவது கம்பியின் வெறும் டிசி மின்தடை. 8 என்பது ஏசி சிக்னலுக்கு அது காட்டும் எதிர்ப்பு. 6 வந்ததும் பயந்து "நாலு ஓமோ?" என்று கேட்காதீர்கள். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) அறுந்திருக்கிறது.

அடுத்தது கை வைத்தியம். ஸ்பீக்கரின் முன்பக்கம் இரண்டு கைகளின் விரல்களையும் கோனின் (கூம்பு வடிவக் காகிதத்தின்) எதிரெதிர்ப் பக்கங்களில் சமமாக வைத்து, பூவைத் தொடுவது போல உள்ளே அழுத்தி விடுங்கள். காதைக் கிட்டே வையுங்கள். சுரண்டும் சத்தம் வந்தால் காயில் மேக்னெட் இடுக்கில் உரசுகிறது என்று பொருள். ஒரு கையால் அழுத்தினால் நல்ல ஸ்பீக்கரும் உரசும், அதை நம்பாதீர்கள்.

பின்பக்கம் ஃபிரேமில் அச்சடித்திருக்கும் எண்ணையும் படித்து எழுதுங்கள்.

ஆம்பூர்_பாஸ்
செவ்வாய், காலை 10:30

இவ்வளவு எதற்கு? எங்கள் சவுண்ட் சர்வீஸ் கோடவுனில் 12 இஞ்ச் ஊஃபர் (மேடை பாஸ் ஸ்பீக்கர்) நாலு சும்மா கிடக்கிறது. 300 வாட். ஒன்று எடுத்துப் போடுங்கள், காசு வேண்டாம். கல்யாண மண்டபமே அதிரும்.

சத்துவாச்சாரி_ஸ்ட்ரிங்ஸ்
செவ்வாய், இரவு 10:15

வால்வு ஐயா, நன்றி. மீட்டர் 6.1 காட்டியது. பின்பலகை, டேங்க் எல்லாம் அழுத்திப் பார்த்தேன், மாற்றம் இல்லை. கோனை அழுத்தும்போது ஒரு பக்கம் மெல்லிய உரசல் கேட்கிறது, ஆனால் சந்தேகமாக இருக்கிறது. எண் 465124.

இப்போது வேறு பயம் வந்துவிட்டது. நண்பனின் 8 ஓம் கேபினெட்டை (தனி ஸ்பீக்கர் பெட்டி) வைத்துச் சோதிக்கலாம் என்று, ஆம்ப்பின் சொந்த ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் இருக்கும் எக்ஸ்டர்னல் ஸ்பீக்கர் ஜாக்கில் கேபினெட்டைச் செருகினேன். ஒரு சத்தமும் இல்லை. வால்வுகள் எரிகின்றன, ஸ்பீக்கரில் மூச்சே இல்லை. ஒரு நிமிடத்தில் அணைத்துவிட்டேன். அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரை எரித்துவிட்டேனா? மாமாவுக்கு என்ன பதில் சொல்வது?

பழைய_வால்வு
புதன், காலை 5:50

தூங்கியிருக்க மாட்டீர்கள் என்று தெரிகிறது. ஒன்றும் ஆகவில்லை.

இந்த ஃபெண்டர்களில் மெயின் ஸ்பீக்கர் ஜாக்கில் ஒரு சுவிட்ச் உண்டு. பிளக் இல்லாவிட்டால் அது அவுட்புட்டை ஷார்ட் செய்துவிடும். வால்வு ஆம்ப்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் ட்ரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி உள்ளே ஷார்ட் அடித்துக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. எக்ஸ்டர்னல் ஜாக் மெயினுக்கு இணையாகக் கட்டியது. மெயின் காலியாக இருந்ததால் உங்கள் நண்பரின் கேபினெட்டும் சேர்ந்து ஷார்ட் ஆகிவிட்டது, அதனால்தான் மௌனம். கேபினெட்டை மெயின் ஜாக்கிலேயே செருகுங்கள். சத்தம் வரும்.

ஆனால் எல்லா ஆம்ப்பிலும் இந்தச் சுவிட்ச் இருக்கும் என்று எண்ணி, ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டிப் பழகாதீர்கள்.

எண்ணுக்கு வருவோம். 465 என்றால் ஆக்ஸ்ஃபோர்ட் கம்பெனி. அடுத்த 1 வருடத்தின் கடைசி இலக்கம், 24 வாரம். அதாவது 1971 இன் 24வது வாரம் (1961 இல் இந்த மாடலே கிடையாது, 1981 என்றால் வெள்ளி முகப்பு முடிகிற காலம், ஆக்ஸ்ஃபோர்டுக்கு வாய்ப்பு இல்லை). ஜென்சன் என்றால் 220, எமினென்ஸ் என்றால் 67 என்று தொடங்கும். உள்ளே வால்யூம் திருகுகளின் (பாட்) முதுகிலும் இதே மாதிரி எண் இருக்கும். 137 என்றால் சிடிஎஸ் கம்பெனி. அதைத் தெரிந்த டெக்னீஷியன் யாராவது சேஸிஸை (உள்ளே இருக்கும் உலோகப் பெட்டி) திறக்கும்போது படித்துக்கொள்ளுங்கள். நீங்களாகத் திறக்க வேண்டாம்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

காட்பாடி_ஜங்ஷன்
புதன், மதியம் 1:10

அப்போ ஒரிஜினல் ஸ்பீக்கர்! ஆல்நிக்கோவா?

பழைய_வால்வு
புதன், மதியம் 3:25

இல்லை தம்பி, செராமிக். ஆல்நிக்கோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த மேக்னெட். இந்த வரிசைக்கு அறுபதுகளிலேயே பெரும்பாலும் செராமிக் வந்துவிட்டது. எழுபதுகளின் கடைசியில் ஜைர் நாட்டுச் சண்டையால் கோபால்ட் விலை ஏறியபோது மிச்சம் இருந்தவர்களும் செராமிக்குக்கு மாறினார்கள். ஆல்நிக்கோ என்ற சொல்லுக்காகவே விலை கொடுக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இருக்கட்டும்.

சத்துவாச்சாரி_ஸ்ட்ரிங்ஸ்
புதன், இரவு 9:55

வந்தது! மெயின் ஜாக்கில் செருகினேன், கேபினெட்டில் 6 வரை துளி கரகரப்பு இல்லை. ஆக ஆம்ப் சுத்தம், குற்றவாளி ஆக்ஸ்ஃபோர்ட்தான்.

ஆம்பூர் அண்ணா, உங்கள் ஊஃபர் பற்றி யோசித்தேன். காசில்லாமல் கிடைக்கிறதே என்று கை பரபரக்கிறது.

பழைய_வால்வு
வியாழன், காலை 6:20

பரபரப்பை அடக்குங்கள். ஊஃபர் நல்ல பொருள்தான், ஆனால் வேறு வேலைக்குச் செய்தது. கிடாரின் கீழ் இ கம்பி 82 ஹெர்ட்ஸ். கிடார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 70, 80 இல் தொடங்கி 5,000 ஹெர்ட்ஸ் வரை பேசி, அதற்கு மேல் வாயை மூடிக்கொள்ளும். நடுவில் 2,000 முதல் 4,000 வரை ஒரு மேடு இருக்கும், அந்த மேடுதான் "கிடார் சத்தம்". மெல்லிய காகிதக் கோன், ஓரத்திலும் மடித்த காகிதம். சத்தம் ஏறும்போது கோனே கொஞ்சம் நெளிந்து தன் பங்குக்கு ஒன்றைச் சேர்க்கும். மேடை ஊஃபரின் கோன் தடித்தது, நெளியக்கூடாது என்றே செய்தது. மேல் பகுதியை ஹார்னிடம் ஒப்படைத்துவிட்டுக் கீழ்ப் பகுதியை மட்டும் பேசும். ஹார்ன் இல்லாமல் அதை இந்த ஆம்ப்பில் போட்டால் போர்வைக்குள் இருந்து வாசிப்பது போல இருக்கும்.

ஆம்பூர்_பாஸ்
வியாழன், காலை 11:00

ஒத்துக்கொள்கிறேன். நான் பாஸ் வாசிக்கிறவன், எனக்குப் போர்வை பிடிக்கும். ஆனால் கோன் மாற்றலாமே? ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனால் எந்த ஸ்பீக்கருக்கும் கோன் போட்டுத் தருவார்கள்.

குடியாத்தம்_கீபோர்ட்
வியாழன், மதியம் 12:45

அதில் எனக்கு ஒரு காயம் உண்டு. என் அண்ணனின் பழைய 12 இஞ்ச் கிடார் ஸ்பீக்கரை ஒரு கடையில் கோன் மாற்றக் கொடுத்தோம் (ஊர், பெயர் வேண்டாம்). நாலு நாளில் தந்தார்கள், வேலை சுத்தம், பளபளப்பு. மாட்டினால் செத்த சத்தம். மேடை ஊஃபரின் தடித்த கோனும் துணி ஓரமும் போட்டிருந்தார்கள். பழைய கோன் எங்கே என்றால் குப்பையில் போட்டாயிற்று. அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை, தினம் வருவதெல்லாம் மேடை ஸ்பீக்கர்தான். கொடுக்கும்போதே காகித ஓரம் உள்ள கிடார் கோன் வேண்டும், பழைய பாகங்கள் திரும்ப வேண்டும் என்று நாங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும். இன்றுவரை அந்த ஃபிரேம் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

பழைய_வால்வு
வியாழன், மாலை 5:30

இதைத்தான் சொல்ல வந்தேன். 1971 கோன் உயிரோடு இருக்கிறது, கிழியவில்லை. அதைப் பிய்த்து எறிவது கடைசி வழி.

இரண்டு காசில்லா வைத்தியம். ஒன்று, ஸ்பீக்கரைப் பிடித்திருக்கும் நட்டுகளைத் தளர்த்தி, எதிரெதிர் மூலையாக, விரலால் இறுக்கி, பிறகு ஸ்பேனரில் கால் சுற்று மட்டும். முன்பலகை வளைந்திருந்து யாராவது வெறியோடு இறுக்கியிருந்தால் ஃபிரேம் முறுக்கிக்கொண்டு காயிலை உரசவிடும். இரண்டு, ஸ்பீக்கரைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள். ஐம்பது வருடம் ஒரே நிலையில் தொங்கிய கோன் தன் எடையால் மயிரிழை கீழே இறங்கியிருக்கும். திருப்பினால் அதே எடை எதிர்ப்பக்கம் இழுக்கும்.

சத்துவாச்சாரி_ஸ்ட்ரிங்ஸ்
சனி, இரவு 8:30

இரண்டும் செய்தேன். நட்டுகளில் ஒன்று அப்படி இறுகியிருந்தது, கழற்ற என் பாதி மாலை போய்விட்டது. தளர்த்தியதில் கொஞ்சம் குறைந்தது. திருப்பி மாட்டியதும் 5 வரை சுத்தம்! 6 இல் மறுபடி உரசுகிறது. வீட்டுக்கு இது போதும். சர்ச்சுக்கு நம்பி எடுத்துப்போக முடியாது.

எனவே புதிது ஒன்று வாங்கி, ஆக்ஸ்ஃபோர்டைப் பத்திரமாக எடுத்துவைக்கலாம் என்று இருக்கிறேன். இனி சொல்லுங்கள்.

காட்பாடி_ஜங்ஷன்
சனி, இரவு 8:34

வி30.

பழைய_வால்வு
ஞாயிறு, மதியம் 2:00

தம்பி காட்பாடி, உங்கள் விசுவாசம் வாழ்க.

ஆம்ப் 22 வாட். அது சுத்தமாக வாசிக்கும்போதுள்ள கணக்கு. முழுதாகத் திருகி ஓவர்டிரைவில் போனால் அதைவிட நிறையவே தள்ளும். அதனால் ஸ்பீக்கரின் வாட் இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. செலஸ்டியன் ப்ளூ ஒன்றுதான் வாங்குவேன் என்று யாராவது ஆசை காட்டினால் ஓடிவிடுங்கள், அது 15 வாட். வாக்ஸ் ஏசி30இல் இரண்டு ப்ளூ சேர்ந்து 30 வாட்டைத் தாங்கியது, இங்கே ஒன்று தனியாகத் தாங்காது. செலஸ்டியனின் கிரீன்பேக் 25 வாட். மெதுவாக வாசிப்பவருக்குப் போதும், நான் போட மாட்டேன்.

வாட்டை விட எல்லோரும் மறக்கிற எண் ஒன்று உண்டு: சென்சிடிவிட்டி, டெசிபலில் எழுதியிருக்கும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் எவ்வளவு சத்தம் என்பது. வி30 100 டெசிபல். அதே கம்பெனியின் கிரீம்பேக் 65 வாட் மாடல் 97. மூன்றுதானே வித்தியாசம் என்று தோன்றும். 3 டெசிபல் என்றால் ஆம்ப்பின் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். அதே ஆம்ப், அதே திருகு, ஒன்றில் 22 வாட், மற்றதில் 44 வாட் போலப் பேசும். எமினென்ஸ் கேனபிஸ் ரெக்ஸ் (சணல் கலந்த கோன், சிரிக்க வேண்டாம்) 102 வரை போகிறது.

அதனால் என் கேள்வி எந்தக் கம்பெனி என்பதல்ல. சர்ச்சில் வால்யூம் எத்தனையில் வைப்பீர்கள்? போதவில்லையா, அதிகமா?

சத்துவாச்சாரி_ஸ்ட்ரிங்ஸ்
ஞாயிறு, இரவு 7:40

எண்பது பேர் உட்காரும் ஹால், மேலே ஷீட். மைக் வைத்து ஹாலின் பெரிய ஸ்பீக்கர்களிலும் (பி.ஏ.) போகும். 3க்கு மேல் வைத்தால் முன்வரிசை அம்மாக்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பின்பக்கம் திறந்த ஆம்ப் என்பதால் பின்னால் நிற்கும் பாடகர் குழுவுக்கும் நேராகக் காதில் விழுகிறது. ஆனால் எனக்குப் பிடித்த சத்தம் 5இல்தான் தொடங்குகிறது.

பழைய_வால்வு
ஞாயிறு, இரவு 8:10

அப்போது விடை நீங்களே சொல்லிவிட்டீர்கள். உங்களுக்குச் சத்தம் குறைவான ஸ்பீக்கர் வேண்டும்.

காட்பாடி_ஜங்ஷன்
ஞாயிறு, இரவு 8:22

ஐயா, காசு கொடுத்துச் சத்தம் கம்மியான ஸ்பீக்கரா? :(

சரி, ப்ரோ, சும்மா பேசி என்ன. என் கேபினெட்டில் வி30 இருக்கிறது. அடுத்த சனி ஆம்ப்பை எடுத்து வாருங்கள், கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.

பழைய_வால்வு
ஞாயிறு, இரவு 8:30

போங்கள். ஆனால் மூடிய கேபினெட்டில் கேட்டு ஏமாறாதீர்கள். பின்பக்கம் மூடியிருந்தால் கீழ்ச்சத்தம் இறுக்கமாக வரும், திறந்ததில் அதே ஸ்பீக்கர் வேறு ஆள். கழற்றி ஆம்ப்பில் மாட்டிக் கேளுங்கள். மேக்னெட் எங்கும் இடிக்கிறதா என்றும் பாருங்கள்.

சத்துவாச்சாரி_ஸ்ட்ரிங்ஸ்
சனி, இரவு 11:05

இன்று காட்பாடி போனேன். ஸ்கூட்டரில் ஆம்ப்பை முன்னால் வைத்துக்கொண்டு பாலாற்றுப் பாலத்தில் அந்த வெயிலில் போனதை ஒரு தனி இழையாக எழுதலாம்.

மூடிய கேபினெட்டில் வி30 பிரமாதம், வாங்கியே தீர வேண்டும் என்று தோன்றியது. ஐயா சொன்னபடி கழற்றி ஆம்ப்பில் மாட்டினோம். 4.7 கிலோ. ஆம்ப்பைத் தூக்கியதும் பெல்ட் முனகியது. மேலிருந்து தொங்கும் வால்வுக்கும் மேக்னெட்டுக்கும் நடுவில் ஒரு விரல்தான் நுழைந்தது. சத்தம் 2லேயே அறையை நிரப்பியது. நடுச்சத்தம் கத்தி மாதிரி முன்னால் வந்து நின்றது. ராக் வாசிக்கிறவர்களுக்கு அதுதான் வேண்டும். எனக்கு ரிவெர்ப் போட்டு மெதுவாகக் கம்பி மீட்டும்போது காது கூசியது. காட்பாடித் தம்பியும் கேட்டுவிட்டு, "ப்ரோ, இது உங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். இதை இங்கே பதிவு செய்கிறேன்.

காட்பாடி_ஜங்ஷன்
சனி, இரவு 11:09

சொன்னேன். ஆனா என் கேபினெட்டுக்கு அதுதான் ராஜா.

குடியாத்தம்_கீபோர்ட்
ஞாயிறு, காலை 7:15

ஃபெண்டர் கம்பெனியே இப்போது என்ன போடுகிறது என்று பார்ப்பதும் ஒரு வழி. 65 டீலக்ஸ் ரிவெர்ப் ரீஇஷ்யூவில் (பழைய மாடலின் மறுவெளியீடு) ஜென்சன் சி12கே, 68 கஸ்டம் மாடலில் செலஸ்டியன் ஜி12வி-70. முதலாவது பளிச்சென்று இருக்கும், இரண்டாவது கொஞ்சம் சூடு.

பழைய_வால்வு
ஞாயிறு, மதியம் 1:40

சி12கே நல்லது, ஆனால் பளிச்சென்ற சத்தம் ஷீட் கூரைக்கு அடியில் இன்னும் பளிச்சென்று இருக்கும். என் ஓட்டு கிரீம்பேக் 65க்கு. 8 ஓம் மாடல்தானா என்று பெட்டியில் ஒருமுறை, ஸ்பீக்கரில் ஒருமுறை படியுங்கள். அதே பெயரில் 16 ஓமும் வரும், கடைக்காரர் அவசரத்தில் மாற்றி எடுத்துவிடுவார்.

சத்துவாச்சாரி_ஸ்ட்ரிங்ஸ்
வெள்ளி, இரவு 9:30 (மூன்று வாரம் கழித்து)

கிரீம்பேக் வந்தது. பெட்டியைத் திறந்ததும் முதலில் படித்தது 8 ஓம் என்ற எழுத்தைத்தான். பிளஸ் மைனஸ் பார்க்க ஒரு பென்சில் பேட்டரியைத் தொட்டேன், கோன் முன்னால் வந்தது, சரி. மாட்டி வாசித்த முதல் நாள் ஏமாற்றம். விறைப்பாக, மேல் சத்தம் குத்தியது.

ஆம்பூர்_பாஸ்
வெள்ளி, இரவு 9:48

புதுச் செருப்பு கடிக்கத்தான் செய்யும். தோல் ஊர்க்காரன் சொல்கிறேன், போட்டு நடங்கள்.

சத்துவாச்சாரி_ஸ்ட்ரிங்ஸ்
வெள்ளி, இரவு 10:02

நடந்தேன் அண்ணா. தினம் ஒரு மணி நேரம், பத்து நாள். இப்போது அடிச்சத்தம் இளகி வந்திருக்கிறது. சர்ச்சில் 4½ இல் வைத்து வாசித்தேன், முன்வரிசை திரும்பவில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் அந்தக் கண்ணாடி மாதிரி மேல் சத்தம் இதில் இல்லை என்பது உண்மை. வீட்டில் தனியாக வாசிக்கும்போது அதை நினைத்துக்கொள்கிறேன். பழைய துணியில் சுற்றி, அட்டைப் பெட்டியில், எலி ஏறாத பரணில் வைத்திருக்கிறேன்.

பழைய_வால்வு
சனி, காலை 6:00

பெட்டிமேல் 465124 என்று எழுதி வையுங்கள். தெரியாத யாராவது ஒருநாள் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடப் போகிறார்கள்.

குடியாத்தம்_கீபோர்ட்
சனி, காலை 9:20

எல்லாம் சரி, அந்தக் கைப்பிடி பெல்ட் ஆம்பூரில் எந்தத் தெருவில் தைத்தீர்கள் என்று சொல்லவே இல்லையே. என் கீபோர்ட் பைக்கும் ஒன்று வேண்டும்.